பாக்கெட் புல்லி என்று சொல்லித்தான் விற்றார்கள்

2024 ஏப்ரல் கடைசியில் 38,000 ரூபாய் கொடுத்து ஒரு நாய்க்குட்டி எடுத்தேன். அமெரிக்கன் புல்லி (பிட்புல்லிலிருந்து உருவாக்கிய இனம்), பாக்கெட் சைஸ், அதாவது அதில் குட்டையான வகை, சாம்பல் கலர், "லைன் (வம்சாவளி) வேற லெவல் ப்ரோ" என்றார் விற்றவர். அவர் பெயரையோ அவருடைய கென்னல் (நாய்ப்பண்ணை) பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் பிரயோஜனம் இல்லை, அந்தப் பெயரில் அவர் இப்போது தொழில் செய்வதில்லை.

அப்போது நேரம் அப்படி. மார்ச்சில்தான் பிட்புல், ராட்வைலர் உட்பட 23 வகை நாய்களை இறக்குமதி செய்யக்கூடாது, விற்கக்கூடாது, இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதை வைத்தே என்னை அவசரப்படுத்தினார். "கோர்ட்டே தள்ளிடுச்சு, அடுத்த மாசம் ரேட்டு ஏறிடும், அதோட புல்லி அந்த லிஸ்ட்லயே இல்ல." லிஸ்டில் அமெரிக்கன் புல்லி என்ற பெயர் இல்லை என்பது உண்மைதான். அவர் கொடுத்தது புல்லியா என்பதுதான் கேள்வி, அதை நான் கேட்கவே இல்லை.

10,000 முன்பணம் ஜிபேயில் போட்டேன். குட்டி பிறந்த இடத்துக்கு வருகிறேன், தாயைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, "தாய் இப்ப டென்ஷன்ல இருக்கு, வெளியாள் வந்தா குட்டிகளுக்கு நோய் தொத்தும்" என்று சொல்லி தாய் நாயின் படம் ஒன்றை அனுப்பினார். பரந்த நெஞ்சு, குட்டைக் கால், சிவப்பு பெல்ட். நோய் தொற்றும் என்ற வார்த்தையில் நான் அடங்கிப்போனேன், பொறுப்பான ஆள் என்று வேறு நினைத்தேன்! கோயம்பேடு பக்கம் ஒரு டீக்கடை வாசலில் அட்டைப்பெட்டியோடு குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். இனத்தைக் காட்டும் பதிவுச் சான்றிதழ், அதாவது பேப்பர், 3 மாதத்தில் வரும் என்றார், இன்றுவரை வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த பேதி. தூக்கிக்கொண்டு ஓடினேன், பார்வோ என்றார் டாக்டர், குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய். தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, தேதி இருந்தது, ஊசி போட்ட டாக்டரின் முத்திரையோ பதிவு எண்ணோ இல்லை. அப்புறம் வாயைத் திறந்து பார்த்தார். "60 நாள்னா சொன்னாங்க? பால் பல்லே இன்னும் முழுசா வரல தம்பி, இது அஞ்சு வாரம், மிஞ்சினா ஆறு." 2 மாதம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017 நாய் இனப்பெருக்க விதிகளிலேயே இருக்கிறது, விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விற்றவருக்கு போன் செய்தால், உங்க வீட்டில்தான் ஒட்டியிருக்கும் என்கிறார். பார்வோ உடம்பில் புகுந்து வெளியே தெரியவே பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், அங்கிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். விற்றவரிடம் அதைச் சொன்னதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஆறு நாள் டிரிப்ஸ், செலவு 17,000. பிழைத்துவிட்டான், அது அவன் கெட்டி.

பாக்கெட் வகை ஆண் நாய் தோள் வரை 14இலிருந்து 17 அங்குலம்தான் இருக்க வேண்டும். இவன் 10 மாதத்தில் 21 அங்குலம், 33 கிலோ. கால் நீளம், முகம் நீளம். ரேபிஸ் ஊசி சான்றிதழில் இனம் என்ற இடத்தில் டாக்டர் "பிட்புல் கலப்பு" என்று எழுதினார், நான் புல்லி என்றதற்கு பேப்பர் இருக்கா என்று கேட்டார். அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் துரத்தும் என்று அன்று புரியவில்லை.

குணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்குவான். ஆனால் ஒன்றேகால் வயதுக்குப் பிறகு வேறு நாய் கண்ணில் பட்டாலே ஆள் மாறிவிடுகிறான். பிட்புல் ஒரு காலத்தில் நாய்ச்சண்டைக்கென்றே வளர்த்த வம்சம், பல நாய்களுக்கு இது வளர்ந்த பிறகுதான் வெளியே வரும், குட்டியில் தெரியாது. எங்கள் தெருவில் மட்டும் பதினோரு தெருநாய். அதனால் விடியற்காலை 4:45க்கு நடை, கையில் பெல்ட் இரண்டு சுற்று. வெயிலும் ஆகாது, ஏழு மணிக்கே மூச்சு வாங்குகிறான். தோல் அரிப்புக்கு மாதாமாதம் ஷாம்பூ, மாத்திரை தனிக் கணக்கு.

அவன் வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர் 5 வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். மறுநாள் கீழ் வீட்டு அக்கா என்னிடம் சண்டை போடவில்லை, பிள்ளைகளை மாடிப்படி பக்கம் விடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அவர் பயத்தில் தப்பு என்ன இருக்கிறது? டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் வளர்க்கப் புது உரிமம் கிடையாது என்று சென்னை மாநகராட்சி முடிவெடுத்தது. ஏற்கெனவே இருப்பவற்றை வாய்க்கவசமும் பெல்ட்டும் இல்லாமல் வெளியே கொண்டுவரக்கூடாது. நான் உரிமம் எடுக்காமலே தள்ளிப்போட்டிருந்தேன், முழுக்க என் தப்பு. இப்போது என் கையில் இருக்கும் ஒரே ஆவணம் பிட்புல் கலப்பு என்று எழுதிய அந்தச் சான்றிதழ். அவனை யாரிடமும் கொடுக்கவும் முடியாது, எவர் எடுப்பார்?

போன வாரம் நண்பன் ஒரு விளம்பரத்தை அனுப்பி, எடுக்கலாமா என்று கேட்டிருந்தான். எக்ஸ்எல் புல்லி (அதே இனத்தில் பெரிய வகை), 55,000, தாய் படம் இணைத்திருக்கிறது. பரந்த நெஞ்சு, குட்டைக் கால், அதே சிவப்பு பெல்ட்.