மதகுக்கு ஒரு வாசல், முன்பள்ளிக்கு ஒரு வாசல்: ஊர்ச் சங்கம் யாரிடம் நிதி கேட்பது?

கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருந்த காலத்தில் நான் அதிகம் எழுதியது கோரிக்கைக் கடிதங்கள்தான். மதகு வேண்டும், முன்பள்ளிக்குக் கட்டடம் வேண்டும், குடிதண்ணீர் வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எந்த ஊரில் கூட்டம் வைத்தாலும் இந்தப் பட்டியல்தான் வரும். "யாரிட்ட கேட்டா கூடத் தருவாங்க?" என்று யாராவது ஒருவர் தொடங்குவார். அந்தக் கேள்வியோடு தொடங்கித்தான் நாங்கள் பல வருடத்தை வீணாக்கினோம். காசு எந்த மாதத்தில் கைக்கு வரும், கட்டி முடித்ததைப் பிறகு யார் பார்ப்பார்கள் என்ற இரண்டையும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எங்களைப் போன்ற ஊர்களுக்குத் திறந்திருப்பவை பெரும்பாலும் மூன்று வாசல்கள். பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, பிரதேச சபை, வெளிநாட்டுத் தூதரகங்களின் நன்கொடை.

பன்முகப்படுத்தப்பட்ட நிதி 1974 முதல் நடைமுறையில் இருக்கிறது. உறுப்பினர் வேலையை முன்மொழிவார், பிரதேச செயலகம் அதை நிறைவேற்றும். மூன்றிலும் தாள் வேலை குறைந்தது இதுதான். சங்கத்தின் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் சிபாரிசும் போய்ச் சேர்ந்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் (டீ.ஓ.) வந்து அளந்து மதிப்பீடு போடுவார். சின்ன வேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் சங்கத்திடமே ஒப்படைக்கவும் இடமுண்டு. இதை நான் பெரிய நன்மையாகவே பார்க்கிறேன். கூலி ஊருக்குள் நிற்கும். எத்தனை மூடை சீமெந்து போட்டார்கள் என்று எங்கள் ஆட்களே நின்று எண்ணுவார்கள்.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. எங்கள் பக்கம் நவம்பரில் மாரி பிடித்தால் தை வரைக்கும் வயல் வட்டையெல்லாம் தண்ணீர். ஒரு வருடம் எங்கள் மதகுக்கு அனுமதி வந்தது செப்டெம்பர் கடைசியில். குழி தோண்டி அடித்தளம் போட்டு முடிக்க மழை தொடங்கிவிட்டது. கல் லொறி உள்ளே வர வழியில்லை. வருட முடிவில் செய்த அளவுக்கு மட்டும் பில் போட்டோம், மிச்சக் காசு திரும்பிப் போனது. இருந்த பழைய மதகையும் இடித்துவிட்டோம், புதியதும் இல்லை. அந்த மாரியில் நிறைமாதப் பெண் ஒருத்தியை உழவு மெசின் பெட்டியில் ஏற்றித்தான் அந்தப் பக்கம் சேர்த்தோம். பெட்டியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர்களில் நானும் ஒருவன், இன்றைக்கும் நெஞ்சு பதறும்.

ஆகவே கூரைத் தகடு, கதிரை, கிணற்றுக் கட்டு என்று ஒரு மாதத்தில் முடிகிற வேலைகளுக்கு இந்தக் காசு நல்லது. மண்ணைத் தோண்டுகிற வேலையென்றால், ஓகஸ்ட் தாண்டி வரும் அனுமதியை நான் வாங்கமாட்டேன். அடுத்த வருடத்துக்கு மாற்றிக் கேட்பேன். ஆள் மாறினால் முன்னுரிமையும் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. 2018இல் தொடங்கிய கம்பெரலிய என்ற கிராம அபிவிருத்தித் திட்டம் 2019 ஆட்சி மாற்றத்தோடு நின்றது நினைவிருக்கும்.

அப்புறம் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உள்ளூர் வீதி, வடிகான், சந்தை, நூலகம் எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் படுவான்கரையில் ஆதன வரி பெரிதாகத் தேறாது. கடைத்தெரு கொஞ்சம், வயல் நிறைய. பெரிய வேலைக்கு வெளிக்காசு வந்தால்தான் உண்டு. வடக்கு கிழக்கில் நெல்சிப் என்று எல்லோரும் அறிந்த உலக வங்கித் திட்டம் அப்படித்தான் வந்தது. பிறகு உலக வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து வடக்கு, கிழக்கு, வடமத்திய, ஊவா மாகாணங்களின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு நிதி கொடுத்தன. இத்தகைய காசு தனிக் கடிதத்துக்கு அசையாது. மக்களைக் கூட்டிச் சபை தயாரிக்கும் திட்டத்தில் உங்கள் ஊரின் தேவை எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கூட்டம் நடக்கும் நாளில் வயல் வேலை என்று போகாமல் விட்டால் அந்தச் சுற்று முழுக்கக் கை நழுவிவிடும்.

கேட்பதற்கு முன் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு, ஊருக்குள் ஓடுபவை சபைக்கு. வயல் வீதிக்கு கமநல சேவை நிலையத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். எங்கள் கடிதம் ஒன்று தவறான மேசையில் எட்டு மாதம் கிடந்தது. பிழை எங்களுடையதுதான்.

சபை வழி மெதுவானது. 2023 மார்ச்சில் மன்றங்களின் காலம் முடிந்து 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை பேசுவதற்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. இருந்தும் எனக்கு இந்த வாசலில்தான் நம்பிக்கை அதிகம். சபையின் சொத்துப் பதிவேட்டில் ஏறிய குழாய் உடைந்தால் போய்க் கேட்க ஓர் இடமுண்டு. அடுத்த வருடப் பாதீட்டில் பராமரிப்புக்கு ஒரு வரி எழுதச் சொல்லவும் முடியும்.

தூதரக நன்கொடையில் எங்கள் பக்கம் அதிகம் பேசப்படுவது ஜப்பான். 2014இல் மண்முனைப் பாலம் ஜப்பான் உதவியில் திறக்கப்பட்டதிலிருந்து, அதுவரை பாதை என்கிற மிதவைப் படகில் வாவி கடந்த சனத்துக்கு அந்த நாட்டின் மேல் தனி அன்பு. ஆனால் அது அரசுக்கு அரசு கொடுத்த பெரிய உதவி. ஊர் மட்டத்துக்கு உரியது அடிமட்ட மனிதப் பாதுகாப்புக்கான நன்கொடை. தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உள்ளூராட்சி மன்றங்களும் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம், தனியாட்களுக்கு இல்லை. கட்டடம், உபகரணம் என்றால் கேட்கலாம். சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் தரமாட்டார்கள்.

இங்கே தாள் வேலை கடினம். விலைமனுக்கள், வரைபடம், முந்தைய வருடங்களின் கணக்கு, காணி உரிமை, எல்லாம் ஆங்கிலத்தில். காணி உறுதி சரியில்லாத ஊர் இங்கேயே நின்றுவிடும், படுவான்கரையில் அப்படி நிறைய ஊர்கள். பெரிய நன்மை என்னவென்றால், ஒப்பந்தம் கைச்சாத்தான நாளிலிருந்து காலம் ஓடும். டிசம்பர் 31 கழுத்தைப் பிடிக்காது, மழை விட்ட பிறகு கொங்கிறீட் போடலாம். ஆனால் திறப்பு விழா முடிந்தால் கட்டடம் முழுக்க உங்கள் தலையில். நன்கொடையில் எழுந்த வாசிகசாலை ஒன்று எனக்குத் தெரியும். பத்திரிகை வாங்கக் காசில்லாமல் இப்போது அதில் நெல் மூடை அடுக்குகிறார்கள்.

இந்த முறை நாங்கள் பிரித்துக் கேட்கிறோம். முன்பள்ளிக் கட்டடத்துக்குச் சங்கம் தனியாகப் போகாமல் சபையை விண்ணப்பதாரராக வைத்துத் தூதரகத்துக்கு எழுதியிருக்கிறோம். ஆசிரியையின் கொடுப்பனவு பற்றித் தவிசாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. மதகுக் கோரிக்கையை ஜனவரி முதல் வாரமே கொண்டுபோய்க் கொடுத்து, திகதி முத்திரை குத்தி வாங்கி வந்தோம். சித்திரைக்குள் டீ.ஓ. அளக்க வந்தால் வெயில் காலத்திலேயே முடித்துவிடுவோம்.