லேண்ட் குரூசர் கியர்பாக்ஸ் ஹோஸ்: ஷார்ஜா கராஜ் ஒன்றில் ஏமாந்த கதை

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பழைய வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறீர்களா? அதுவும் ஆட்டோமேட்டிக் கியர் உள்ள 80 வரிசை டொயோட்டா லேண்ட் குரூசரா? பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு சிறிய ரப்பர் ஹோஸ்களை மாற்றும் வேலையில் ஒரு கராஜ் என்னை மோசம் செய்தது. நல்ல கியர்பாக்ஸ் ஒன்று போயிருக்கும். வண்டி தீப்பிடித்திருக்கவும் கூடும்.

என்னுடையது 1996 மாடல், 4.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இந்த வண்டியில் கியர்பாக்ஸின் சூடான எண்ணெய் இரும்புக் குழாய் வழியாக முன்னால் வந்து, ரேடியேட்டரின் கீழ்த்தொட்டிக்குள் இருக்கும் கூலரில் ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போகிறது. இரும்புக் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருப்பவைதான் அந்த ரப்பர் ஹோஸ்கள். எஞ்சின் ஆட்டத்தைத் தாங்குவதற்காக அந்த இடத்தில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். வளைகுடா வெயிலில் இத்தனை ஆண்டுகள் வெந்த ரப்பர் இறுகி வெடிப்பதில் வியப்பில்லை. என் வண்டிக்கு அடியில் சிவப்பு எண்ணெய் சொட்டத் தொடங்கியதும் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

போர்மேன் நம் ஊர்க்காரர், நன்றாகப் பேசினார். "அண்ணே, ஜப்பான் ஒரிஜினல் ஹோஸ்தான் போடுகிறோம். ஆயிலும் புதிதாக ஊற்றிவிடுகிறோம். இனி ஒரு சொட்டு விழாது" என்றார். 850 திர்ஹாம் வாங்கிக்கொண்டார்கள். கழற்றிய ஹோஸ்களைக் கேட்டபோது, குப்பை வண்டி எடுத்துப் போய்விட்டது என்றார்கள். ரசீது என்று கையில் கிடைத்தது, கடைப் பெயர்கூட அச்சிடாத ஒரு துண்டுச் சீட்டு. அச்சிட்ட ரசீது கேட்டதற்கு, கணக்குப் பிள்ளை வரவில்லை, பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

நகரத்துச் சாலையில் சில வாரங்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. ஹத்தா சாலையில் அல் பதாயர் மணல்மேடுகளில் ஏறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மணலில் டயர் காற்றைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஏறும்போது, எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் அந்த எண்ணெயைக் கடைந்து சூடாக்கும். கியர் எண்ணெய்க்கு அதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. பின்னால் வந்த நண்பர் வாக்கி டாக்கியில், "அண்ணா, உடனே எஞ்சினை நிறுத்துங்கள், மணலில் சிவப்பாகக் கோடு விழுகிறது" என்றார். நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு ஹோஸ் குழாயிலிருந்து முழுதாகக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் சைலன்சர் குழாய் வரை தெறித்துப் புகைந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வரை கியர்பாக்ஸ் பம்ப் உள்ளே இருக்கும் எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நண்பர் இன்னும் சற்றுத் தாமதித்துப் பார்த்திருந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் கருகியிருக்கும்.

வண்டியை ரெக்கவரியில் ஏற்றி, வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், அதிகம் பேசாதவர். கழன்ற ஹோஸைக் கையில் வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். உட்புறம் உப்பிக் கொழகொழத்திருந்தது. அது எண்ணெய்க்கான ஹோஸே இல்லை. ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் ஹோஸ். ஈபிடிஎம் என்ற அந்த ரப்பர் தண்ணீரையும் கூலண்டையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிப்போகும். கியர்பாக்ஸ் கூலருக்கென்றே எஸ்ஏஇ ஜே1532 என்ற தரத்தில் ஹோஸ் விற்கிறார்கள், ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும். டொயோட்டா பாகம் என்றால் அந்தந்த இடத்துக்கு ஏற்ற வளைவோடு வார்த்தே வரும். எனக்குப் போட்டிருந்ததில் எந்த எழுத்தும் இல்லை.

இதையாவது அறியாமை என்று விட்டுவிடலாம். குழாய்க்கு அவர்கள் செய்திருந்த வேலையை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரும்புக் குழாயின் நுனியில் வளையம் போலச் சிறிய புடைப்பு ஒன்று இருக்கும். ஹோஸைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப் அதற்குப் பின்னால் உட்காருவதால்தான் அழுத்தத்தில் ஹோஸ் வழுக்கி வெளியே வராது. பழைய ஹோஸ் இறுகிப் பிடித்திருந்ததால், அதைப் பொறுமையாகக் கீறி எடுக்காமல், புடைப்போடு சேர்த்துக் குழாயையே ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். வழுவழுப்பான வெறும் குழாயில் ஹோஸைச் செருகித் திருகு கிளாம்பால் இறுக்கிவிட்டார்கள். அறுத்தவருக்கு இது கழன்று வரும் என்பது நிச்சயம் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பிப் போய்க் கேட்டேன். போர்மேனின் குரலே மாறியிருந்தது. "மணலில் ஓட்டினால் நாங்கள் பொறுப்பில்லை" என்றார். மணலில் ஓடுவதற்கென்றே செய்த வண்டியைப் பற்றி! அடுத்த மூச்சிலேயே, "உங்கள் கியர்பாக்ஸ் போயிருக்கும், 4,500 திர்ஹாமுக்கு வேறு மாற்றித் தருகிறோம்" என்றார். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய வண்டிக்காரர்களை அச்சுறுத்திக் கியர்பாக்ஸ் விற்பது அங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் கியர்பாக்ஸ் போகவில்லை. பெரியவர் குழாய் நுனியில் கருவி வைத்து மறுபடி புடைப்பு எடுத்து, டொயோட்டா ஹோஸ்களை ஸ்பிரிங் கிளாம்போடு போட்டார். சூட்டில் ரப்பர் விரிந்தாலும் சுருங்கினாலும் ஸ்பிரிங் கிளாம்ப் கூடவே இளகி இறுகும். திருகு கிளாம்ப் ரப்பரைக் கடித்து நிற்கும், பிறகு தளரும். இந்த வண்டிக்கு உரிய டெக்ஸ்ரான் எண்ணெயை மூடி உடைக்காத டப்பாவிலிருந்து என் கண்முன்னே ஊற்றினார். ஹோஸ், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்தும் முதல் கராஜ் வாங்கிய தொகையில் பாதிதான் ஆனது.

ஆகவே வேலைக்கு விடும்போதே, கழற்றியதை என்னிடம் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சாவியை வாங்கும் முன் வண்டியைத் தூக்கச் சொல்லி, ஹோஸின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். குழாயின் நுனி ஹோஸுக்குள் மறைந்திருக்கும் என்பதால் வேலை நடக்கும்போதே அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எண்ணெய் மட்டத்தை, வண்டி நன்றாக ஓடிச் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுவிட்டு, கியரைப் பார்க் (P) நிலையில் வைத்துப் பாருங்கள். கடைப் பெயரோடு ரசீது வாங்குங்கள். ஷார்ஜா பொருளாதார வளர்ச்சித் துறையிடம் நுகர்வோர் புகார் கொடுக்கலாம், நானும் கொடுத்திருக்கிறேன். துண்டுச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நிற்பது எவ்வளவு கடினம் என்பதை இப்போது அனுபவிக்கிறேன். அறுத்த குழாயின் படங்களும் உப்பிய ஹோஸும்தான் எனக்கு இருக்கும் சாட்சி. சென்ற சில மாதங்களில் இதே வேலையை வெளியே செய்துகொண்டவர்கள், அடுத்த முறை மணலுக்குப் போவதற்குள் ஒருமுறை ரேடியேட்டரின் அடியில் பார்த்துவிடுங்கள்.