டிரிக்கரா, பிடியா? நான்கு குட்டி பிஸ்டல்கள், ஓர் அலசல்

அமெரிக்காவில் புதிதாக ஒரு குட்டி பிஸ்டல் வாங்கி, அதோடு முதல் முறை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் களத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு புகார்கள்தான் கேட்கும். ஒன்று, "டிரிக்கர் மணலை அரைக்கிற மாதிரி இருக்கு." இன்னொன்று, "சுண்டு விரலுக்கு இடமே இல்லை, சுடச் சுடக் கை நழுவுது." கடையில் கண்ணாடி மேசை மேல் வைத்துத் தூக்கிப் பார்த்தபோது இவை தெரிந்திருக்காது. எவ்வளவு சின்னது, எவ்வளவு லேசானது, இதற்குள் பத்துத் தோட்டா எப்படிப் போகிறது என்ற ஆச்சரியத்தில்தான் பணம் கைமாறுகிறது.

அடுத்த வாரமே புது டிரிக்கருக்கு ஆர்டர் போடுகிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. டிரிக்கர் மோசம் என்று நினைத்துக் கொண்டிருக்கிற பலருக்கு உண்மையில் பிடிதான் மோசம். சின்னத் துப்பாக்கியில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போதும். சிக் சாவர் பி365 ஏறக்குறைய 500 கிராம். அதன் டிரிக்கரை இழுக்கச் சுமார் 2.5 கிலோ விசை வேண்டும். அதாவது, துப்பாக்கியின் எடையைப் போல ஐந்து மடங்கு விசையை ஒற்றை விரலால் கொடுக்கிறோம். '1911' என்ற பழைய மாடல், முழு அளவு இரும்பு பிஸ்டலோ 1.1 கிலோ எடை. டிரிக்கர் 2 முதல் 2.5 கிலோ. அங்கே விகிதம் இரண்டு மடங்குக்குப் பக்கம். கனமான துப்பாக்கி விரலின் தவறைத் தாங்கிக்கொள்ளும், லேசானது அப்படியே குறிப்பலகையில் காட்டிவிடும். அதிலும் மூன்று விரல் பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டரை விரல்தான் பிடித்திருக்கிறது என்றால், டிரிக்கரை இழுக்கிறபோது மொத்தக் கையும் சேர்ந்து இறுகும். வலக்கைக்காரர் சுட்ட குண்டுகள் குறிக்குக் கீழே இடப்பக்கமாகப் போய்க் குவியும். பாதிப் பேர் சைட், அதாவது குறி பார்க்கிற முனை சரியில்லை என்பார்கள், மீதிப் பேர் டிரிக்கரைத் திட்டுவார்கள்.

இவ்வளவு சின்னதாக ஏன் செய்கிறார்கள் என்பதற்குப் பின்னால் கொஞ்சம் சட்ட வரலாறு உண்டு. 1994-ல் வந்த மத்தியச் சட்டம் தோட்டா அடுக்குகிற பெட்டியான மேகசினை, புதிதாகச் செய்வதென்றால் பத்துத் தோட்டாவோடு நிறுத்தியது. பத்துதான் போடலாம் என்றால் பெரிய கைப்பிடி எதற்கு என்று கம்பெனிகள் உடம்பைக் குறுக்கத் தொடங்கின. சட்டம் 2004-ல் காலாவதியானது, ஆனால் குட்டித் துப்பாக்கிகள் தங்கிவிட்டன. மறைத்து எடுத்துச் செல்ல மாநிலத்துக்கு மாநிலம் அனுமதி பரவ, சந்தையும் பெருத்தது. 2012-ல் ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு, 2015-ல் கிளாக் 43 என்று ஒற்றை வரிசை மேகசின் துப்பாக்கிகள் வந்தன. ஆறு, ஏழு, எட்டுத் தோட்டாதான் அவற்றின் எல்லை. 2018 தொடக்கத்தில் பி365 அதே அளவு உடம்பில் பத்தை நுழைத்துக் காட்டியதும் மற்ற எல்லோரும் பின்தொடர வேண்டியதாயிற்று.

இன்று கடைக்குப் போனால் முன்னால் எடுத்து வைக்கப்படுகிறவை பெரும்பாலும் நான்கு: பி365, ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், ஸ்மித் அண்ட் வெசனின் ஷீல்டு பிளஸ், கிளாக் 43எக்ஸ். நான்குமே 9 மி.மீ. தோட்டா சுடுபவை. குழல் நீளம் மூன்று முதல் மூன்றரை அங்குலத்துக்குள்; தடிமன் எல்லாவற்றுக்கும் ஓர் அங்குலத்தை ஒட்டி. காகிதத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவு, கையில்தான் தெரியும்.

டிரிக்கரைப் பற்றிப் பேசுமுன் எதை எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். விரல் வைத்து இழுக்கத் தொடங்கியதும் கொஞ்ச தூரம் வெறுமனே ஓடும். பிறகு ஓரிடத்தில் முட்டி நிற்கும். அதைத் தாண்டி அழுத்தினால் விடுபட்டுச் சுடும். விரலை முன்னே விட்டால் ஓரிடத்தில் 'டிக்' என்று மறுபடி தயாராகும், அதுதான் ரீசெட். விளம்பரத்தில் போடுகிற எடை எண் இந்தக் கதையில் ஒரு வரி மட்டுமே. மூன்று கிலோ டிரிக்கர்கூட முட்டும் இடம் தெளிவாக இருந்தால் நன்றாகச் சுடும். இரண்டு கிலோ டிரிக்கர் எங்கே விடுபடும் என்றே தெரியாமல் குழைந்தால் எரிச்சல்தான்.

இந்த அளவுகோலில் எனக்குப் பிடித்தது ஷீல்டு பிளஸ். அதற்கு ஒரு முன்கதை உண்டு. ஷீல்டு அடங்கிய எம் அண்ட் பி வரிசையின் முதல் தலைமுறையில் டிரிக்கர் நடுவில் கீல் வைத்து மடங்குகிற மாதிரி இருந்தது. சுரசுரவென்று ஓடும், ரீசெட் விரலுக்கே தெரியாது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். ஏபெக்ஸ் போன்ற உதிரிபாகக் கம்பெனிகள் அந்தப் புலம்பலை நம்பியே நல்ல வியாபாரம் செய்தன. 2021-ல் ஷீல்டு பிளஸ் வந்தபோது கீல் போய், முகம் தட்டையான டிரிக்கர் வந்தது. வெற்று ஓட்டம் குறைவு, முட்டும் இடம் தெளிவு, ரீசெட் காதுக்கும் விரலுக்கும் தெரிகிறது. வாடிக்கையாளரின் முணுமுணுப்பைக் கேட்டுக் கம்பெனி தானே திருத்திய அபூர்வச் சந்தர்ப்பம் என்று இதைச் சொல்வேன். கைப்பிடியின் சாய்வு 18 டிகிரி. 1911 பிடித்துப் பழகியவருக்குக் குறி தானாக நேரே வந்து நிற்கும். பத்துத் தோட்டா மேகசினோடு பதின்மூன்று போடுகிற நீள மேகசினும் பெட்டிக்குள்ளேயே வருவதால், சுண்டு விரல் பிரச்சினைக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

பி365-ன் டிரிக்கர் வேறு சாதி. நடுவில் அந்தக் குட்டிப் பாதுகாப்பு நாக்கு கிடையாது, வளைந்த ஒரே துண்டு. முட்டி நிற்கிற இடம் என்று அழுத்தமாக எதுவும் இல்லை. உருண்டுகொண்டே போய் விடுபடும். ரிவால்வரில் இருந்து வருகிறவர்கள் இதை ரசிப்பார்கள், கிளாக் பழகியவர்கள் குழகுழப்பு என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

ஆனால் பிடி விஷயத்தில் பி365-க்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, அதை விற்பனையாளர்கள்கூடச் சரியாக எடுத்துச் சொல்வதில்லை. அதன் வரிசை எண் பிளாஸ்டிக் உடம்பில் இல்லை. டிரிக்கர், இழுக்கும்வரை சுடாமல் பிடித்து வைக்கிற சியர் எல்லாம் அடங்கிய உள் எஃகுச் சட்டகத்தில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தின் கண்ணில் அந்த எஃகுச் சட்டகம்தான் துப்பாக்கி. வெளியே இருக்கிற கைப்பிடி வெறும் உதிரிபாகம். எனவே கை பெரியது என்றால் எக்ஸ்எல் அளவுக் கைப்பிடியையோ வில்சன் காம்பேட் செய்கிற கைப்பிடியையோ வாங்கி, சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். அதற்கு மறுபடி பின்னணிச் சோதனை இல்லை, துப்பாக்கியை விற்று நஷ்டப்படவும் வேண்டாம். மற்ற மூன்றில் பிடி பிடிக்கவில்லை என்றால் துப்பாக்கியையே மாற்ற வேண்டியதுதான். கிளாக் 43எக்ஸில் பின்பக்கப் பட்டையைக்கூட மாற்ற முடியாது; பெரிய கிளாக்குகளில் இருக்கிற அந்த வசதியை மெலிந்த வரிசையில் கொடுக்கவில்லை.

43எக்ஸ் அந்தக் குறையை நீளத்தால் ஈடுகட்டுகிறது. 2019-ல் வந்தது. உயரம் ஐந்து அங்குலம், பி365 4.3, ஹெல்கேட் 4.0. முழுக் கையும் உட்கார்ந்துவிடும். ஆனால் இவ்வளவு நீளமான பிடிக்குள்ளும் கம்பெனி மேகசின் பத்துதான் கொள்கிறது, அது உறுத்தல். டிரிக்கர் வழக்கமான கிளாக்: ஸ்பிரிங்கை அழுத்துகிற உணர்வு, முட்டல், பிறகு விடுபடுதல், குட்டையான ரீசெட். உற்சாகப்படவும் ஒன்றும் இல்லை, கோபப்படவும் ஒன்றும் இல்லை. கைப்பிடிச் சாய்வு மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதல். வேறு பிராண்டு பழகியவர் கண்ணை மூடி நீட்டித் திறந்தால் முன் சைட் கொஞ்சம் மேலே நிற்கும். பழகினால் போகும். பழகப் பொறுமை இல்லாதவர் வாங்க வேண்டாம்.

ஹெல்கேட்டை வேகமாகக் கடந்துவிடுகிறேன். குரோவேஷியாவின் கார்லோவாட்ஸ் நகரில் எச்எஸ் புரொடுக்ட் செய்து, அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி விற்கிறது. நான்கில் குள்ளமானது இதுதான், இருந்தும் பதினொன்று கொள்கிறது. உடம்பில் இரண்டு உயரத்தில் சின்னக் கூம்புகள்: உயரமானவை தட்டையாக, தாழ்ந்தவை கூர்மையாக. சட்டையிலோ இடுப்பிலோ உரசும்போது குத்தாது, இறுக்கிப் பிடித்தால்தான் கடிக்கும். நல்ல யோசனை. ஆனால் பிடி போதவில்லை என்று வருந்துகிறவர் இந்தக் குள்ளனுக்கு மாறினால் வருத்தம் கூடும், உதையும் கையில் துள்ளும். 2022-ல் வந்த ஹெல்கேட் புரோவைக் கேட்டுப் பாருங்கள், அதில் பதினைந்து கொள்ளும், கைக்கும் இடம் உண்டு.

ரூகர் எல்சிபி மாதிரி பாக்கெட் பிஸ்டலை வாங்கிவிட்டு டிரிக்கர் கனம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2008-ல் வந்த, .380 என்ற அளவுத் தோட்டா போடுகிற அந்தத் துப்பாக்கி 270 கிராம்தான். வெளிப்புற சேஃப்டி எதுவும் இல்லாமல் சட்டைப் பையில் கிடக்க வேண்டியதற்கு நீளமான, கனமான டிரிக்கர்தான் காவல். தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள். நியூயார்க் நகரப் போலீஸ் பல வருடங்கள் தன் ஆட்களின் துப்பாக்கியில் 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோ அளவுக்கு டிரிக்கரை வைத்திருந்ததும் தவறிச் சுடுவதைத் தடுக்கத்தான். குறி தவறுவது அதற்குக் கொடுத்த விலை.

சரி, ஏற்கெனவே வாங்கியாயிற்று, பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்? முதலில் மேகசின் அடியில் மாட்டுகிற நீட்சி. பியர்ஸ் போன்றவர்கள் பல மாடல்களுக்குச் செய்கிறார்கள், விலையும் குறைவு. அடுத்து டாலன் ஒட்டுப் பட்டை அல்லது ஹோக் ரப்பர் உறை. பட்டையை ஒட்டினால் பிடியின் தடிமன் அதிகமாகாது. உறை மாட்டினால் பிடி பருத்துவிடும். சின்னக் கைக்கு விரல் டிரிக்கரை எட்டாமல் போகும், பெரிய கைக்கு அதுவே சுகம். பிறகு வீட்டில் வெற்றுப் பயிற்சி: தோட்டாக்கள் வேறு அறையில், துப்பாக்கி காலி என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டு, பாதுகாப்பான திசையில், தினமும் கொஞ்ச நேரம். ரேஞ்சில் சில நூறு ரவுண்டு ஓடியதும் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து சுரசுரப்பும் ஓரளவு அடங்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் டிரிக்கர்மேல் கோபம் தீரவில்லை என்றால் அப்போது மாற்றலாம், அதுவும் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்து. இடுப்பில் சுமக்கிற துப்பாக்கியில் காணொளி பார்த்து ஸ்பிரிங்கை இளக்குகிற வேலை வேண்டாம். தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கிற ஸ்ட்ரைக்கரின் ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். சியரைத் தேய்த்தால் கீழே விழும்போது வெடிக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் உயிரோடு விளையாட்டு.

இன்னும் வாங்காதவருக்கு வழி சுலபம். பல ரேஞ்சுகள் துப்பாக்கியை வாடகைக்குத் தருகின்றன. நான்கையும் ஒரே நாளில், ஒரே தோட்டாவை வைத்துச் சுட்டுப் பாருங்கள். கடைகள் விற்ற துப்பாக்கியைப் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை. துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்புகிற 4473 என்ற அரசுப் படிவத்தில் கையெழுத்தான நிமிடம் அது பழைய துப்பாக்கி, விலை இறங்கிவிடும். நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வாடகைக்கு எடுப்பதற்கு முன்பும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

என் தேர்வைக் கேட்டால், டிரிக்கர்தான் குறை என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு ஷீல்டு பிளஸ். கை எந்த அளவுக்குப் பொருந்தும் என்று இன்னும் தெரியாதவருக்கு பி365, ஏனென்றால் அங்கே தவறைத் திருத்த ஒரு கைப்பிடியின் விலைதான் செலவு. உள்ளங்கை அகலமாகவும் விரல் நீளமாகவும் இருப்பவர் நேரே 43எக்ஸுக்குப் போகலாம். ஹெல்கேட்டின் சின்ன மாடல், அந்த நான்கு அங்குல உயரம் உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கு மட்டும்.