ராஸ் வாலண்டியர்ஸா, ஃபிஷ் டிரில் டீமா?

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கி ஏந்தி நடக்கும் மாணவர் குழுக்களில் இரண்டு புகழ்பெற்றவை. ராஸ் வாலண்டியர்ஸ் 1887-இல் தொடங்கியது. பெயர் சிலமுறை மாறி, ஆளுநராக இருந்து கல்லூரித் தலைவரான லாரன்ஸ் சல்லிவன் ராஸின் பெயர் நிலைத்தது. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கே இடம். வெள்ளைச் சீருடை, டெக்சாஸ் ஆளுநரின் மரியாதைக் காவல், நியூ ஆர்லியன்ஸ் நகரின் மார்டி கிரா திருவிழா ஊர்வலம் என்று கௌரவம் அதிகம்.

ஃபிஷ் டிரில் டீம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. இங்கே 'ஃபிஷ்' என்றால் முதலாண்டு மாணவர்; இதில் அவர்கள் மட்டும்தான். அதாவது ஆண்டுதோறும் பூஜ்யத்திலிருந்து தொடக்கம்! நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள எம்1 துப்பாக்கியைச் சுழற்றிப் பிடிக்கப் பழகி, போட்டிகளுக்குப் போகிறார்கள். 1992-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் தொடக்கக் காட்சியிலும் இவர்கள்தான். ராகிங் விவகாரத்தால் 1997-இல் குழு கலைக்கப்பட்டது. 2001-இல் மீண்டும் வந்தது.

வித்தை பார்க்க ஆசையா? சரி, ஃபிஷ் டீம்தான். என் ஓட்டு ராஸுக்கு. இறந்த மாணவர்களுக்கான 'சில்வர் டாப்ஸ்' நினைவேந்தல் இரவில் வளாக விளக்குகள் அணைந்திருக்கும். பத்தரைக்கு ராஸ் குழுவினர் இருட்டில் மெல்ல நடந்து வந்து மூன்று முறை சுடுவார்கள். அப்புறம் ஊதுகொம்பு வடக்கு, தெற்கு, மேற்கு நோக்கி ஒலிக்கும். கிழக்கு நோக்கி ஊதுவதில்லை; இறந்தவருக்கு இனி விடியல் இல்லையாம். எந்தக் கோப்பைப் போட்டியும் இதற்கு ஈடாகாது.