தலவாக்கலை மூடுபனியில் ஏழு வருஷம்: என் பிளேஸ்டேஷன் 4

2018 டிசம்பரில் வாங்கிய பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம், அதாவது டீவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி (கன்சோல்), இன்னும் ஓடுகிறது. இதற்கிடையில் ஒரு டீவி போய்விட்டது. கன்ட்ரோலர் இரண்டும் போய்விட்டன: ஒன்றில் நானே பிளேன்டீயைக் கொட்டினேன், மற்றதை ரெஸ்லிங் கேமில் தோற்ற கோபத்தில் சித்தப்பா மகன் சுவரில் அடித்தான். பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. போன் திருத்த என் கடைக்கு வரும் பையன்களில் வாரத்துக்கு ஒருத்தனாவது "பி.எஸ்.5 எடுக்கலாமா அண்ணே?" என்று அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 5 பற்றிக் கேட்கிறான். யூடியூபில் வரும் ரிவியூ எல்லாம் ஏசி அறையில், ஃபைபர் இணைப்பில் எடுத்தது. லயத்துக் காம்பராவில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு அறையில், வைத்துப் பாவித்தவன் கதை வேறு.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் 62,000 ரூபா கொடுத்தேன். அப்போது அம்மாவுக்குக் கொடுப்பனவெல்லாம் சேர்த்து நாள் சம்பளம் 730. "எத்தனை பேருடா?" என்றுதான் அம்மா கேட்டார். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவில், ஒரு நாள் வேலை ஒரு பேர், பாதி நாள் என்றால் அரைப்பேர். கணக்குப் பார்த்தால் 85 பேர். வாங்கியது என் கடைக் காசில்தான், ஆனாலும் அந்த 85 இன்னும் காதை விட்டுப் போகவில்லை. 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ஆனது. பி.எஸ்.5 விலை கேட்டால் எனக்கு ஒன்றரை இலட்சத்துக்குக் குறைத்து யாரும் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் அது 111 பேர்.

எங்கள் பையன்களுக்கு எந்த கேம் பிடிக்கும் என்பது ஹட்டனில், காசுக்கு கேம் ஆடவிடும் ஒரு மாடியறையில் முடிவானது. மரப்படி ஏறிப் போகவேண்டும், மணித்தியாலத்துக்கு 40 ரூபா. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2 அந்த அறைக்கு வந்துசேர 2006 ஆனது. அதுவும் ஜப்பானில் யாரோ பாவித்துத் தள்ளியது. அங்கே கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே செங்கல் கனத்தில் ஒரு ட்ரான்ஸ்போமர் முனகிக்கொண்டு கிடக்கும். ஜனவரிக் குளிரில் அதன்மேல் காலை வைத்துக்கொள்ளச் சண்டையே நடக்கும்.

கால்பந்துக்கு இருந்தது வின்னிங் இலெவன், ஜப்பான் பதிப்பு. மெனுவில் ஒரு எழுத்து யாருக்கும் தெரியாது. "மேலேயிருந்து மூணாவது, வட்டம், கீழே ரெண்டு, வட்டம், வட்டம்" என்று வாய்பாடு மாதிரி ஒப்பித்து வைத்திருந்தோம். வட்டமும் பெருக்கல் குறியும் கன்ட்ரோலரில் உள்ள பட்டன்கள். ஜப்பானில் வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் வேண்டாம். அமெரிக்கா போனபோது அது தலைகீழானது, அங்கே பெருக்கல்தான் சரி. எங்கள் அறையிலோ ஒரு டீவியில் ஜப்பான் டிஸ்க், பக்கத்து டீவியில் அமெரிக்க ரெஸ்லிங் டிஸ்க். இடம் மாறி உட்கார்ந்தவன் முதல் ஐந்து நிமிஷம் எல்லாவற்றையும் கேன்சல் பண்ணிக்கொண்டே இருப்பான். 2020இல் பி.எஸ்.5 வந்தபோது ஜப்பானிலும் பெருக்கலையே 'சரி' ஆக்கிவிட்டார்கள். விளையாட்டாய்க் கற்ற ஒரு பாஷை செத்துப்போன மாதிரி எனக்கு இருந்தது.

அந்த அறையில் நின்று பிடித்தவை மூன்றுதான்: ரெஸ்லிங், கார், கிரிக்கெட். பின்னால் ஆறு பேர் தங்கள் முறைக்காக நிற்கும்போது ஐந்து நிமிஷத்தில் முடிகிற கேம்தான் பிழைக்கும். கிரிக்கெட் 07இல் ஐந்து ஓவர் மட்டும்தான் அனுமதி. அதில் நம் அணி வீரர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, இடக்கையா வலக்கையா என்று பார்த்துத்தான் ஆளைப் பிடிப்போம். கதை உள்ள கேம் எதையாவது போட்டால், "படம் பாக்கவா வந்த?" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

அதனால்தான் 'அந்த நாட்டுக்காரன் ருசி இப்படி, இந்த நாட்டுக்காரன் ருசி அப்படி' என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. விளையாடும் அறையைப் பார்க்காமல் பேசும் பேச்சு. ஜப்பானில் வீடு சிறிது, ரயில் பயணம் நீளம். கையில் கொண்டுபோகும் பி.எஸ்.பி.யில் நாலு பேர் கூடி மொன்ஸ்டர் ஹன்டர் ஆடினார்கள். அமெரிக்காவில் ஹோல் பெரியது, சோபா பெரியது, 2001இல் வந்த மைக்ரோசொஃப்ட்டின் முதல் கன்சோலான எக்ஸ்பொக்ஸின் கன்ட்ரோலரும் பெரியது. ஜப்பானுக்கென்று சின்னதாய் ஒன்று செய்து, பிறகு அதையே எல்லா நாட்டுக்கும் கொடுத்தார்கள். அப்படியும் உலகத்தில் எட்டுக் கோடிக்கு மேல் விற்ற எக்ஸ்பொக்ஸ் 360 ஜப்பானில் இருபது இலட்சத்தைத் தொடவில்லை. சீனாவில் 2000ஆம் ஆண்டு கன்சோல் விற்பனைக்கே தடை போட்டார்கள், 2014 வரை அது நீங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கம்பியூட்டருக்கும் போனுக்கும் போனதில் ருசி எங்கே வந்தது?

வெளியீட்டு நாள் விஷயமும் அப்படித்தான். பி.எஸ்.4 அமெரிக்காவில் 2013 நவம்பர் 15, சொந்த ஊரான ஜப்பானில் 2014 பெப்ரவரி 22. பி.எஸ்.5 ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 2020 நவம்பர் 12, ஐரோப்பாவில் ஒரு வாரம் கழித்து, இந்தியாவில் 2021 பெப்ரவரி 2. எங்கள் லயத்தில் கன்சோல் வெளியாகும் நாள், கட்டாரிலிருந்து யாராவது லீவில் வரும் நாள்.

இனி மலையில் பாவிக்கிறவர்களுக்கு. முதல் எதிரி ஈரம். ஜூன், ஜூலையில் பத்து நாள் வெயில் முகம் தெரியாது, பீரோவில் இருக்கும் சட்டையே பூஞ்சணம் பிடிக்கும். இரண்டாவது வருஷம் டிஸ்க்கைப் போட்டால் படிக்காமல் வெளியே தள்ளியது. கழற்றிப் பார்த்தேன், லென்ஸில் கண்ணாடியில் ஊதிய மாதிரி மெல்லிய படலம். துடைத்துச் சரிசெய்தேன். அன்றிலிருந்து டீவி மேசையின் கீழ்த்தட்டில் 15 வோட்ஸ் குண்டு பல்ப் ஒன்று எரிகிறது, முன்னால் துணித் திரை. பல்பைப் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். விளையாடும்போது அணைத்துவிட்டுத் திரையை முழுதாய்த் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சூடு வெளியே போகாது. அதற்குப் பிறகு லென்ஸ் ஒருநாளும் மங்கவில்லை.

இரண்டாவது எதிரி இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் வானம் கறுக்கும். ப்ளக்கைப் பிடுங்குவது எல்லோருக்கும் தெரியும். நானும் பிடுங்கினேன், டிஷ் வயரை மறந்துவிட்டேன். வயர் வழியாக வந்தது டீவியை முடித்தது. பெட்டியையும் டீவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ வயரும் கழற்றி இருந்ததால் பி.எஸ்.4 தப்பியது. மூன்று வயரையும் கழற்றுங்கள்.

கரண்ட் கட் பற்றிப் புதிதாய்ச் சொல்ல என்ன இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நாட்களில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய டிஸ்க் மாற்றும்போது ட்ராகன் குவெஸ்ட் 11 என் கையில் வந்து மாட்டியிருந்தது. ஜப்பானில் 2017இலும் மற்ற நாடுகளில் ஒரு வருஷம் கழித்தும் வந்த கேம். அங்கே அதற்கு உயிரை விடுகிறார்கள். எங்கள் பையன்கள் பத்து நிமிஷம் பார்த்தார்கள். இவன் ஒரு அடி அடித்துவிட்டு நிற்கிறான், பிறகு பேய் ஒரு அடி அடிக்கிறது. "அடி வாங்கவும் கியூவா அண்ணே? பெற்றோல் செட்டிலதான் நிக்கிறமே" என்றான் ஒருத்தன். டிஸ்க் மூலைக்குப் போனது.

அதை எடுத்தவள் அக்கா மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் கன்ட்ரோலரை எடுத்தால் பையன்கள் பிடுங்கிவிடுவார்கள், அவர்கள் தொடாத கேம் இது ஒன்றுதான். யோசித்து முடிக்கும்வரை பேய் காத்துக்கொண்டு நிற்கும் என்பது அவளுக்குப் பிடித்துப்போனது. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைப் படித்துப் படித்து ஆடினாள். அதில் ஊருக்குள் இருந்தால் சேவ் பண்ண தேவாலயத்துக்குப் போகவேண்டும். கட் நேரத்துக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போதே, "இருங்க மாமா, கோயிலுக்குப் போய்ட்டு வாரேன், கரண்ட் போகப்போகுது" என்பாள். அம்மா அடுப்படியிலிருந்து "இந்த நேரத்துல எந்தக் கோயிலுக்குடி?" என்று கத்துவார். நாலு மாதத்தில் முடித்துவிட்டாள். கரண்டுக்கு ஒரு சேவ்கூடப் பறிகொடுக்கவில்லை.

கணக்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை, அதனால் என் கணக்கு ஏழு வருஷமாய் அமெரிக்காவில் குடியிருக்கிறது. டிஸ்க் எந்த நாட்டுடையதானாலும் ஓடும். ஆனால் அதற்குக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதி, டிஸ்க்கும் கணக்கும் ஒரே பிராந்தியமாய் இருந்தால்தான் சேரும். துபாய் டிஸ்க்குக்கு அமெரிக்கக் கடையில் வாங்கி 15 டொலரைத் தொலைத்தேன். கவரின் முதுகில் இருக்கும், பிராந்தியத்தைச் சொல்லும் எண்ணைப் பார்க்காதது என் பிழை.

பி.எஸ்.5 எடுப்பதென்றால் டிஸ்க் போடுகிற மொடலை எடுங்கள். டிஸ்க் போடமுடியாத, கேமை இணையத்தில் இறக்கவேண்டிய டிஜிட்டல் மொடல் மலிவுதான், வெளியீட்டில் 399 டொலர், டிஸ்க் மொடல் 499. ஆனால் எனக்கு வீட்டில் சிக்னல் வருவது ஒரே ஒரு ஜன்னலில். இரவு டேட்டாவில் ஒரு கேமின் 60 ஜிபி இறங்குவதற்குள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆள் போய்விடும். நின்டெண்டோவின் கன்சோலான ஸ்விட்ச் 2 சொல்கிறவர்களுக்கு: 2025 ஜூன் 5 வந்தது. ஜப்பானில் வெளியீட்டில் 49,980 யென் என்று மலிவாகத் தெரிந்தது ஜப்பான் மொழி மட்டும் உள்ளது. பல மொழி உள்ளது அப்போது 69,980. அங்கே வேலைக்குப் போன மச்சானிடம் சொல்லிவிடும்போது இதைத் தெளிவாய்ச் சொல்லுங்கள். இன்னொரு தடவை வட்டம், வட்டம் என்று மனப்பாடம் பண்ண எனக்கு வயதில்லை.

நான் இப்போதைக்கு மாறவில்லை. டிஸ்க் பெட்டியின் உண்மையான இலாபம் அது ஊர் சுற்றுவதுதான். கிரிக்கெட் 19 கொட்டகலை போய் டபிள்யூடபிள்யூஈ 2கே19 ஆகத் திரும்பி வந்தது, அது நோர்வூட் போய் ஃபிஃபாவாக வந்தது. புது டிஸ்க் நான் வாங்கியது மொத்தமே மூன்று. அதில் ஒன்றான கோட் ஒஃப் வோர் போன தீபாவளிக்கு முன்னால் பொகவந்தலாவைக்குப் போனது, இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறதோ, கவர்கூட வேண்டாம், ஒரு கொப்பித் தாளில் சுற்றி கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். தலவாக்கலையில் நான் பஸ்ஸைப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.