அருவிக்கு மேலிருந்து இறங்குவதா, கீழிருந்து ஏறுவதா?

காட்டுக்குள் செங்குத்தான சரிவில் விழும் அருவிகள் சிலவற்றுக்குப் போக இரண்டு வழி இருக்கும். ஒன்று, மலைமேல் சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அருவியின் அடிக்கு இறங்குவது. இன்னொன்று, பள்ளத்தாக்கில் ஓடையோரமாகத் தொடங்கி மேலே ஏறுவது. ஒரே அருவிக்கு முதல்முறை மேல்வழியாகவும் மறுமுறை கீழ்வழியாகவும் போய்வந்தேன், இரண்டு முறையும் அக்காவோடு. இப்போது யார் கேட்டாலும் கீழ்வழியைத்தான் சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிடிமானமுள்ள காலணி, போதுமான தண்ணீர், காலையிலேயே கிளம்புவது. பாசி படிந்த பாறை எந்த வழியில் வந்தாலும் வழுக்கத்தான் செய்யும்.

காட்சியிலும் கீழ்வழிக்கே என் ஓட்டு. முதலில் சத்தம் வருகிறது, அப்புறம் காற்றில் ஒரு குளுமை, பிறகு முகத்தில் சாரல். கடைசித் திருப்பத்தில்தான் அருவி முழுசாகத் தெரிகிறது. மேல்வழி பெரும்பாலும் அருவியின் தலையை ஒட்டிப் போவதால், தண்ணீர் விளிம்பைத் தாண்டி மறைவதைத்தான் முதலில் பார்ப்போம். எட்டிப் பார்க்கக் கால் தானாக நகரும். அந்த விளிம்புப் பாறைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காய்ந்ததுபோல் இருக்கும் இடத்திலும் மெல்லிய பாசி இருக்கும். வானவில்லுக்கு மட்டும் வழி முக்கியமில்லை. வெயில் நம் முதுகில் பட வேண்டும், எதிரே சாரல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் சின்ன விஷயம். என் முடிவை மாற்றியது திரும்பி வரும் பாதை.

மேல்வழியில் போகும்போது எல்லாமே சுலபமாகத் தெரியும். அன்று நாங்கள் கதை பேசிக்கொண்டே இறங்கினோம். மூச்சு வாங்கவில்லை, தாகம்கூட இல்லை. ஆனால் இறங்கும் ஒவ்வொரு அடியையும் திரும்ப ஏறியாக வேண்டும். அது எவ்வளவு கடினம் என்று உடம்பு சொல்லும்போது நாம் பள்ளத்தின் அடியில் இருப்போம். கால் நனைந்து, மதிய வெயில் ஏறி, பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் மிஞ்சியிருந்தபோது எங்கள் ஏற்றம் தொடங்கியது. பாதி வழியில் அக்காவின் கெண்டைக்கால் தையல் மெஷின் ஊசி மாதிரி படபடவென்று ஆடியது. பத்து அடி எண்ணுவது, நிற்பது, மறுபடி பத்து. பிடித்து ஏறிய ஒரு வேர், பல கைகள் பட்டுப்பட்டு மெருகேறி வழவழப்பாக இருந்தது. நமக்கு முன்னால் எத்தனை பேர் இங்கே திணறியிருப்பார்கள் என்று தோன்றியது.

கணக்காகவும் பார்க்கலாம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதி சொன்னார். இன்று அதை இப்படிப் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். தடம் 1.2 கிலோமீட்டர், உயரம் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏற ஏறத்தாழ 45 நிமிடம். செங்குத்து இறக்கத்துக்கு 300 மீட்டருக்குப் 10 நிமிடம் கூட்டிக்கொள்ளச் சொல்லும் திருத்தம் பின்னால் வந்தது. அதன்படி இறங்க 25 நிமிடம். இரண்டு வழியிலும் கூட்டுத்தொகை 70 நிமிடம்தான். ஆனால் அந்த 45 எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. விதி களைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் 45ஆக இருப்பது, களைத்த காலுக்கு மதியத்தில் ஒன்றேகால் மணி நேரமாகலாம். பள்ளத்தாக்கில் வெளிச்சமும் சீக்கிரமே மங்கும்.

கீழ்வழியில் ஏற்றம் முதலிலேயே வருவதால் முடியவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். வண்டி எப்போதும் இறக்கத்தின் முடிவில் நிற்கிறது. வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் இது ஒன்றே போதும்.

மேல்வழிக்காரர்கள் உடனே முழங்காலைக் காட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையையும் தாங்குகிறது. அதனால்தான் வலி அன்றைக்குத் தெரியாமல் அடுத்த ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகிறது. இறக்கம் இரண்டு வழியிலும் உண்டு என்றாலும், களைத்த காலோடு ஈர மண்ணில் இறங்கும்போது சறுக்குவது கீழ்வழியில்தான். நாங்கள் ஆளுக்கொரு கம்பு ஊன்றி, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் சின்னச் சின்ன அடியாக வைத்து வந்தோம். ஏற்கெனவே முழங்கால் தேய்மானம் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். எங்கள் இருவருக்கும் அந்தத் தொல்லை இல்லை.

மழையிலும் மேல்வழிக்கு ஒரு சாதகம். கீழ்வழி ஓடையைக் குறுக்கே கடக்கும். மேலே எங்கோ பெய்தால் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் ஏறலாம். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும். கனமழை நாளில் நான் எந்த வழியிலும் போனதில்லை, போகப்போவதும் இல்லை.

இரண்டாம் முறை வெளிச்சம் இருக்கும்போதே வண்டிக்கு வந்துவிட்டோம், பாட்டிலில் பாதித் தண்ணீர் மிச்சம். மறுநாள் அக்கா மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். வழியைத் தேர்ந்தெடுத்தது நான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.