எக்கோ ஷோ 8: பிள்ளைகள் தொலைவில் இருக்கும் வீட்டுக்கு

கைபேசியில் பச்சைப் பொத்தானை மேலே இழுப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது. வயதானவர்களின் விரல் உலர்ந்திருந்தால் தொடுதிரை கேட்பதும் இல்லை. தவறிப்போன அந்த ஒரு அழைப்பில் முழுநாளும் வாடிப்போகும் பெற்றோருக்கு, அமேசானின் இந்த 8 அங்குலத் திரை நல்ல உதவி. சொல்வதைக் கேட்டு வீடியோ அழைப்பை இணைக்கும் கருவி இது; அதிலுள்ள குரல் உதவியாளரின் பெயர் அலெக்சா. “அலெக்சா, ஆன்சர்” என்றால் போதும், பிள்ளையின் முகம் வந்துவிடும். பிள்ளை தனியாகக் கருவி வாங்க வேண்டாம். அவர் கைபேசியில் அலெக்சா செயலி இருந்தால் சரி.

பலரும் இதை வாங்குவது ‘டிராப் இன்’ வசதிக்காக. யாரும் எடுக்காமலே இணைப்பு வந்துவிடும். முதல் சில நொடிகள் படம் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கலாக இருக்கும், பிறகு தெளியும். அன்றாடப் பேச்சுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். பெற்றோர் உடை மாற்றிக்கொண்டிருக்கலாம், அழுதுகொண்டும் இருக்கலாம். எடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவாக இருக்கட்டும். மணியடித்தும் பதில் இல்லாத நேரத்துக்கு மட்டும் டிராப் இன். படுக்கையறையில் வைக்கவே வேண்டாம்.

கருவியைப் பெற்றோரின் சொந்த அமேசான் கணக்கில் பதியுங்கள். பிள்ளையின் கணக்கில் பதிவது சுலபம்தான், ஆனால் அவருடைய பார்சல் அறிவிப்பெல்லாம் இங்கே வந்து குழப்பும். டிராப் இன் அனுமதியை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும்: தொடர்புகளில் பிள்ளையின் பெயருக்கு நேராக ஒன்று, கருவியின் அமைப்பில் ஒன்று. ஒன்று விட்டுப்போனாலும் இணையாது.

“படமே வரவில்லை” என்றால் முதலில் மேல்விளிம்பைப் பாருங்கள். கேமரா மூடி உள்ள மாடலில், தூசி துடைக்கும்போது அது நகர்ந்திருக்கும். முகம் கறுத்துத் தெரிந்தால் பின்னால் ஜன்னல் இருக்கிறது என்று பொருள். உட்கார்ந்தால் கண் மட்டத்தில் வரும்படி, வெளிச்சம் முகத்தில் விழும் பக்கம் வையுங்கள். வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால் இங்கேயும் மாற்றியாக வேண்டும். பேட்டரி கிடையாது, மின்சாரம் போனால் திரையும் போகும்.

தமிழில் கட்டளையிட முடியாதது பெரிய குறை. நான்கைந்து ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். நிறுத்தி நிறுத்திப் பேசுபவர்களுக்கு, முடிப்பதற்குள் அலெக்சா குறுக்கிடும். அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) பகுதியில் கூடுதல் நேரம் காத்திருக்கும் அமைப்பு உண்டு, அதை இயக்குங்கள்.

அழைப்பு இல்லாத நேரத்தில் பேரப்பிள்ளைகளின் படங்கள் ஓடுவது மனதுக்கு இதம். நடுவே செய்தியும் விளம்பரமும் வரும். ‘ஹோம் கன்டென்ட்’ பகுதியில் பெரும்பாலானவற்றை அணைக்கலாம். ஒரே 20 படம் மாதக்கணக்கில் ஓடினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வாரம் ஒருமுறை பிள்ளை புதுப்படம் ஏற்ற வேண்டும்: சமைத்த சாப்பாடு, நடந்துபோன தெரு, எதுவானாலும். மறுநாள் பேச்சு “சாப்பிட்டியா” என்பதோடு நிற்காமல் அங்கிருந்து தொடங்கும்.

வாட்ஸ்அப் அழைப்பு இதில் வராது. கைபேசியிலேயே அதைச் சரளமாகக் கையாளும் பெற்றோர் இருந்தால், இந்தப் பணத்தில் நல்ல கைபேசித் தாங்கி ஒன்றும் ஒலிபெருக்கி ஒன்றும் வாங்கிக்கொடுங்கள்.